பதினான்காம் பாத்தியில் சேறு படாத செடி

லோயாங் நகரத்தில் ஏப்ரல் மாதம் எந்த வீட்டிலும் வீட்டுக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பியோனி பூக்கும் மாதம் அது. பதினோரு மாதம் நம்மை மறந்திருந்த உறவுக்காரர்கள் அந்த ஒரு மாதத்தில் வரிசையாக நினைத்துக்கொள்வார்கள். முதல் நாள் காலை மாட்டுக்கறி சூப் கடை, பிறகு பூந்தோட்டம், மறுநாள் லோங்மென் குகைச் சிலைகள் என்று ஒருவரைக் கூட்டிக் காட்டி ரயிலேற்றிவிட்டு வீடு திரும்பினால், அடுத்தவர் பெட்டியோடு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டுக்கு இதில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. நான் வேலை பார்ப்பதே பூந்தோட்டத்தில்.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. எந்தப் பாத்தியில் எந்த ரகம், இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று தினமும் காலையில் அதில் எழுதுவது நான். மொத்தம் அறுபத்திரண்டு பாத்திகள். மொட்டு வளர்வதற்கு எங்கள் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்கள் ஐந்து: சின்ன மணி, பெரிய மணி, உருண்டைப் பீச், தட்டைப் பீச், வாய் திறந்தது. உருண்டைப் பீச் பழம்போல் ஆகிவிட்டால் இன்னும் பத்து நாள். அது மேலே அமுங்கித் தட்டையானால் ஐந்து நாள். வாய் திறந்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ பூ. இதை வைத்துக்கொண்டு, தொலைபேசியில் கேட்பவர்களுக்கு எல்லாம் எந்தத் தேதியில் வரலாம் என்று சொல்வதும் என் பொறுப்பே. பதினோரு வருடமாகச் சொல்கிறேன். இரண்டு நாளுக்கு மேல் பிசகியதில்லை.

என் தம்பி யிஃபான் மெட்ரோ ரயிலில் சிக்னல் பராமரிப்பு வேலை பார்க்கிறான். முப்பத்து மூன்று வயது. ஹுய்நிங் என்ற பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவனை. இங்கே ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். ஊர் வடகிழக்குக் கோடியில், ஜியாமுசி. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா லுவான் ஃபெங்சின் அரசுப் பண்ணையில் காய்கறி நாற்று வளர்த்து ஓய்வு பெற்றவர். அவர் நேரில் வந்து வீட்டையும் மனிதர்களையும் பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொல்வாராம்.

இதற்கு முன் சொந்த ஊரில் ஒரு சம்பந்தம் கூடி வந்து நின்றுபோயிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வாடகைக்கு எடுத்த காரைச் சொந்தக் கார் என்று காட்டியிருக்கிறார்கள். லுவான் அம்மாள் காரின் கதவைத் திறந்து, உள்ளே இருந்த வாடகைக் கம்பெனிச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, டீயைக் குடித்து முடித்து எழுந்து வந்துவிட்டாராம்.

"அம்மா எதை வேணா விட்டுக்குடுப்பாங்க அக்கா," என்று ஹுய்நிங் என்னிடம் சொன்னாள். "வீடு சின்னது, பரவாயில்ல. சம்பளம் கம்மி, பரவாயில்ல. ஏமாத்தினா மட்டும் அவ்வளவுதான். அப்புறம் நான் அழுதாலும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

அந்த அம்மாளுக்குப் போன் திரையில் படித்தால் கண்ணில் நீர் வரும் என்பதால், பயணத் திட்டத்தை நான் காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பினேன். மார்ச் இருபத்தைந்தாம் தேதி மொட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதியது. பதினாறாம் தேதி மாலை, வருகை. பதினேழு காலை, சூப். எட்டு மணிக்குத் தோட்டம். நண்பகலில் எங்கள் ஊர் விருந்து. பதினெட்டு, லோங்மென்; மாலை ரயில். கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'பதினேழாம் தேதி எங்கள் தோட்டத்தில் பூக்காத பாத்தி இருக்காது.' அந்த வரிக்கு அவசியமே இருக்கவில்லை. எழுதும்போது கை நன்றாக ஓடியது, அவ்வளவுதான்.

ஏப்ரல் மூன்றாம் தேதி வெயில் முப்பத்தொரு டிகிரியைத் தொட்டது. நான்கு நாள் அப்படியே நின்றது. எட்டாம் தேதி தோட்டம் முழுக்கப் பூத்துவிட்டது. பதின்மூன்றாம் தேதி காற்றும் மழையும் சேர்ந்து வந்து ஒரே பிற்பகலில் எல்லாவற்றையும் தரையில் சாய்த்தன. ஒரு பியோனிப் பூ சோற்றுக் கிண்ணம் அளவு இருக்கும். தண்ணீர் கோத்துக்கொண்டால் தன் கனத்தைத் தானே தாங்காது.

அன்று மாலை ஹுய்நிங்கைக் கூப்பிட்டேன். "அம்மாவ அடுத்த வருஷம் பூவுக்கு வரச் சொல்லலாமா? இப்ப சும்மா வந்து எங்களப் பாத்துட்டுப் போகட்டும்."

"கோழிகளப் பக்கத்து வீட்ல விட்டாச்சு. டிக்கெட்டும் எடுத்தாச்சு. இப்ப போய் பூ இல்லன்னா, எதையோ மறைக்கறாங்கன்னு நெனைப்பாங்க அக்கா. உங்க லெட்டர மடிச்சுப் பைக்குள்ள வச்சிருக்காங்க. தெனம் எடுத்துப் படிக்கறாங்களாம்."

ஆக, மறைக்கவில்லை என்று காட்டுவதற்காக நான் மறைக்க ஆரம்பித்தேன்.

தோட்டங்களில் இது புதிதல்ல. தொட்டியில் வளர்த்த செடிகளைக் குளிர் அறையில் வைத்து மொட்டைத் தாமதப்படுத்தி, தரைப்பூ போன பிறகு தொட்டியோடு பாத்தியில் புதைத்துவிடுவார்கள். விளிம்பின்மேல் மரப்பட்டைத் தூளைப் பரப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் மேலாளரும் மே மாத விடுமுறை வரை பாத்திகள் காலியாகத் தெரியக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். நான் செய்ததெல்லாம் அதில் எனக்கு வேண்டிய பாத்தியையும் தேதியையும் குறித்துக் கொடுத்ததுதான்.

தோட்டக்காரர் தியாவிடம் போனேன். "தியாவ் அண்ணா, பதினேழாம் தேதி காலையில பதினாலாம் பாத்தி நெறஞ்சு இருக்கணும்."

"ஏன், மந்திரி வர்றாரா?"

"தம்பிக்குப் பொண்ணு குடுக்கறவங்க."

"அப்ப மந்திரிய விடப் பெரிய ஆளு," என்றார் தியாவ். பதினோரு தொட்டிகளை ஒதுக்கினார், எல்லாம் மஞ்சள் ரகம். "இதப் பாத்துட்டு உங்க தம்பி மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாங்க. நல்லதுதான்."

வீட்டிலும் ஏற்பாடுகள் நடந்தன. அப்பா டிராக்டர் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன இந்த ஆறு வருடத்தில் சிகரெட் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி ஆகிவிட்டது. வருகிற அம்மாள் திரும்பிப் போகும் வரை தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். கீழ்வீட்டு பாவ் அக்காவிடமிருந்து நல்ல டீ செட் ஒன்று இரவல் வந்தது. விருந்தாளிக்கு யிஃபானின் அறை. அவன் எதிர்க் கட்டடத்தில் உள்ள என் வீட்டில் படுத்துக்கொள்வது. என் கணவர் தூரப் பயண லாரி ஓட்டுகிறார். அந்த வாரம் அவர் ஊரில் இல்லை.

லுவான் அம்மாள் பதினாறாம் தேதி மாலை முப்பது மணி நேர ரயிலிலிருந்து இறங்கினார். குள்ளமான, நிமிர்ந்த உருவம். இருபத்து நான்கு டிகிரியில் கறுப்புப் பஞ்சு ஜாக்கெட்டைக் கழுத்து வரை பூட்டியிருந்தார். ஒரு கையில் பை, மறு கையில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் ஜாடி.

"வாங்க சம்பந்திம்மா," என்றார் அப்பா.

"இன்னும் ஆகல," என்றார் அவர். "ஆனதும் கூப்பிடலாம்."

மறுநாள் காலை சூப் கடையில் அவர் மூன்று முறை கிண்ணத்தை நீட்டிச் சூப் மட்டும் ஊற்றிக்கொண்டார். எங்கள் ஊரில் கறிக்கு ஒரு தடவை, சூப்புக்குக் கணக்கில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது. கடையை விட்டு வெளியே வந்ததும் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். 'சூப்' என்ற சொல்லுக்கு எதிரே பென்சிலால் சிறிதாக ஒரு சரிக்குறி போட்டார். 'வருகை' என்பதற்கு எதிரே ஏற்கெனவே ஒன்று இருந்தது. கடிதம் எழுதுவதில் ஒழுங்கு பார்க்கிற நான், அதைப் படிப்பதில் அவ்வளவு ஒழுங்கு பார்க்கிற ஒருவரை அதுவரை சந்தித்ததில்லை. அப்போதே எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

எட்டு மணிக்குத் தோட்டம் நிறைந்திருந்தது. வாடகைக்குப் பட்டு உடை எடுத்து உடுத்திய பெண்கள், தலையில் காகிதப் பூ வளையம் வைத்த கிழவர்கள், கொடி பிடித்த வழிகாட்டிகள். பதினான்காம் பாத்தியைச் சுற்றி நான்கு வரிசைக் கூட்டம். தியாவ் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். பதினோரு செடிகளில் முப்பது பூக்களாவது இருக்கும்.

"எப்படி இருக்குது பாருங்க அத்தை," என்றான் யிஃபான். அவனுக்கு எதுவும் தெரியாது. அக்கா சொன்னபடி பூத்திருக்கிறது என்று முகமெல்லாம் பெருமை.

லுவான் அம்மாள் பூவைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் பூ உதிர்ந்து நின்ற பழைய செடியின் இலையைப் பார்த்தார். கூட்டம் போட்டோ எடுத்து விலகியதும் ஓரமாகக் குனிந்து, காலணிக் கயிற்றை இறுக்குவதுபோல், இரண்டு விரலை மரப்பட்டைத் தூளுக்குள் விட்டார். எடுத்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார்.

கடிதத்தை எடுத்தார். 'தோட்டம்' என்பதற்கு எதிரே அவர் சரிக்குறி போடவில்லை. ஒரு வட்டம் போட்டார். அதை நான் மட்டும் பார்த்தேன்.

நண்பகல் விருந்துக்கு அப்பா பழைய நகரத்தில் ஒரு கடையில் மேசை சொல்லி வைத்திருந்தார். எங்கள் ஊர் விருந்தில் இருபத்து நான்கு பதார்த்தம், பெரும்பாலும் குழம்பும் சூப்புமாக ஒன்று காலியாக ஒன்று வந்துகொண்டே இருக்கும். முக்கியமானது ஒரு பெரிய கிண்ணத்தில் வரும்: அரிய பறவைக்கூடு சூப் மாதிரி வெள்ளை இழைகள், மேலே முட்டையில் செய்த ஒரு பியோனிப் பூ மிதக்கும். வெளியூர்க்காரர்களுக்கு அதை விளக்குவதில் அப்பாவுக்கு ஒரு சந்தோஷம்.

"பறவைக்கூடுன்னுதானே நெனச்சீங்க? எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. வெறும் முள்ளங்கி. முடி மாதிரி சீவி, மாவுல பொரட்டி ஆவில வேக வச்சு... அந்தக் காலத்து ராஜாவே ஏமாந்திருப்பாரு."

லுவான் அம்மாள் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். "நல்லா இருக்கு. உங்க ஊர்ல முள்ளங்கி பறவைக்கூடு ஆகுது. தொட்டிப் பூ தோட்டத்துப் பூ ஆகுது." கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப மாப்பிள்ளை எது?"

பரிமாறுகிற பெண் அடுத்த கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்து வேகமாகப் போய்விட்டாள். ஹுய்நிங் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எந்தத் தொட்டி?" என்றான் யிஃபான்.

"மூணு நாலு நாளைக்கு முன்னால மழை பேஞ்சிருக்கு," என்றார் லுவான் அம்மாள் அவனிடம், நாற்றுப் பண்ணையில் புது ஆளுக்குச் சொல்வதுபோல. "அந்தப் பாத்தியில எல்லா எலைக்கு அடியிலயும் சேறு தெறிச்சிருக்கு. நடுவுல பதினோரு செடிக்கு மட்டும் குடை பிடிச்சாங்களா? எலையும் பிஞ்சு எலை. பூ பெருசு, எலை சிறுசு. குளிர் அறையில வச்ச செடி அப்படித்தான் இருக்கும். முப்பது வருஷம் நானும் அதத்தான் செஞ்சேன், தக்காளிக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "யாரு வைக்கச் சொன்னது?"

"நான்தான் அத்தை."

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்கப்பாவுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா சேறும் தெளிச்சு வைக்கச் சொல்லியிருப்பேன்," என்றார் அப்பா.

அந்த நேரத்தில் அப்படி ஒரு பதில் வந்திருக்க வேண்டாம். லுவான் அம்மாள் அவரைச் சில நொடி பார்த்தார். கோபமா இல்லையா என்று சொல்ல முடியாத முகம் அது. திரும்பவும் என்னைப் பார்த்தார்.

நடந்ததை வரிசையாகச் சொன்னேன். மார்ச் இருபத்தைந்தில் எண்ணியது, மூன்றாம் தேதி வெயில், எட்டாம் தேதி பூத்தது, பதின்மூன்றாம் தேதி போனது, தியாவிடம் கேட்டது. எழுதிய வரி பொய்யாகிவிடக் கூடாது என்று செய்தேன், வேறு காரணம் இல்லை என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"யாரும் கை வைக்காத பூ ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"வடக்குச் சுவரு ஓரத்துல அம்பத்தெட்டாம் பாத்தி. பச்சை ரகம். எல்லாத்துக்கும் கடைசியா பூக்கறது. வெயிலும் அங்க கம்மி. இன்னைக்குக் காலையில பாத்தேன், தட்டைப் பீச்."

"எப்ப பூக்கும்?"

அஞ்சு நாள் என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "அஞ்சு நாள் ஆகலாம். ஏழும் ஆகலாம். சரியா எனக்குத் தெரியல அத்தை."

"அத லெட்டர்லயே எழுதியிருக்கலாம்," என்றார். பிறகு மகளிடம், "டிக்கெட்ட இருபத்து மூணு மத்தியானத்துக்கு மாத்து."

"ஏம்மா?"

"ரெண்டு நாள் விருந்தாளியா இருந்தா எல்லா வீடும் நல்ல வீடுதான். இன்னும் ஆறு நாள் இருந்து பாக்கறேன். அதுக்குள்ள அந்தப் பூ தானா வரட்டும். வரலன்னா வரலன்னு பாத்துட்டுப் போறேன். யாரும் கொண்டாந்து வைக்கக் கூடாது. நீங்களும் எதையும் கொண்டாந்து வைக்காம இருங்க. போறப்ப என் முடிவச் சொல்றேன்."

யிஃபான் அன்று மாலை என்னோடு பேசவில்லை. படுக்கப் போகும் முன் வந்து கதவருகே நின்றான். "நீ கையால எழுதற எழுத்த நான் சந்தேகப்பட்டதே இல்லக்கா," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான். திட்டியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

மறுநாள் காலை கரும்பலகையில் பதினான்காம் பாத்திக்கு எதிரே, 'குளிர் அறையிலிருந்து கொண்டுவந்த செடிகள்' என்று எழுதினேன். பத்து மணிக்கு மேலாளர் அதை அழித்தார். அடுத்த நாளும் எழுதினேன், அழித்தார். மூன்றாம் நாள் விட்டுவிட்டார். அதைப் படித்த பிறகும் கூட்டம் பதினான்காம் பாத்திக்கே போய் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. கொண்டுவந்த செடி என்றால் ஏதோ விசேஷமான செடி என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

பதினெட்டாம் தேதி லோங்மென் போனோம். ஆற்றங்கரையில் பாறை முழுக்கக் குடைந்த சிலைகளை லுவான் அம்மாள் முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். கை உடைந்த சிலை, முகம் போன சிலை முன்னாலெல்லாம் அதிக நேரம் நின்றார். "இத யாரும் ஒட்ட வைக்கல பாரு," என்றார். சரிக்குறி போட்டார். கடிதத்தில் அவருக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு வட்டம் மட்டுமே.

வீட்டில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பத்தொன்பதாம் தேதி பாவ் அக்கா வந்து கதவைத் தட்டினார். அவர் வீட்டுக்கும் விருந்தாளி வந்துவிட்டார்களாம். நடு அறையில் நின்று, "டீ செட்டு..." என்று இழுத்தார். டீ குடித்துக்கொண்டிருந்த லுவான் அம்மாள் தன் கிண்ணத்தில் இருந்ததைக் குடித்து முடித்தார். சமையலறைக்குப் போய்க் கழுவித் துடைத்து, மற்றவற்றோடு சேர்த்துத் தட்டில் அடுக்கிக் கொடுத்தார். "நல்ல செட்டு. நல்லா வச்சிருக்கீங்க," என்றார் பாவ் அக்காவிடம். அதன் பிறகு நாங்கள் எல்லோரும் தொழிற்சாலை முத்திரை போட்ட எனாமல் குவளைகளில் குடித்தோம்.

இருபதாம் தேதி துணி துவைக்கப் போனவர், வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிச் சாம்பல் கிண்ணத்தோடு வந்தார். அதை அப்பாவின் முன்னால் வைத்தார்.

"இது உங்களோடதா, மெஷினோடதா?"

அப்பா அதைப் பார்த்தார். "ரெண்டு பேருந்தான் பிடிப்போம்."

"பால்கனில போய்ப் பிடிங்க. நாலு நாளா உங்க கை மேசைய மேசையத் தட்டிக்கிட்டிருக்கு. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

அப்பா பால்கனிக்குப் போனார். இரண்டு சிகரெட் பிடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதே நாள் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளும் விழுந்தது. இரண்டு வருடமாக ஆடிக்கொண்டிருந்தது அது. லுவான் அம்மாள் ஒரு பழைய கரண்டிக் காம்பை வளைத்து அந்த இடத்தில் பொருத்திவிட்டார். இன்றும் அதுதான் இருக்கிறது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் தன் ஜாடி முட்டைக்கோஸையும் பன்றி இறைச்சியையும் சேர்த்துச் சமைத்தார். யிஃபான் தட்டைத் தள்ளி வைத்தான். "அத்தை, எனக்கு இந்தப் புளிப்பு பிடிக்கல."

"மூணு நாளா சாப்பிட்டியே?"

"பயத்துல சாப்பிட்டேன்."

ஹுய்நிங் மேசைக்கு அடியில் அவன் காலை உதைத்தது எனக்குக் கேட்டது. லுவான் அம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்து அவன் மிச்சத்தைத் தானே சாப்பிட்டார். "எங்க வீட்டுக்காரருக்கும் பிடிக்காது," என்றார். "கல்யாணமாகி ஒம்பது வருஷம் கழிச்சுத்தான் சொன்னாரு."

தினமும் காலை ஆறு மணிக்கு, தோட்டம் திறக்கும் முன், அவர் என்னோடு வடக்குச் சுவருக்கு நடந்து வருவார். ஐம்பத்தெட்டாம் பாத்தியில் ஒன்பது செடிகள். நான் குறிப்பேட்டில் எழுதுவேன், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பதினெட்டு, தட்டைப் பீச். பத்தொன்பது, அதுவே. இருபதில் குளிர் காற்று வந்தது. இருபத்தொன்றிலும் தட்டைப் பீச்தான். மொட்டின் நுனியில் தலைமுடி அளவு ஒரு கோடு மட்டும். எங்களுக்குள் அதிகம் பேச்சு இருக்காது. ஒரு தடவை, "இந்த மண்ணு நல்ல மண்ணு," என்றார். ஒரு தடவை, "உன் வீட்டுக்காரர் எப்பவுமே இப்படி லாரியிலதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி," என்றார்.

இருபத்திரண்டாம் தேதி காலை ஒரே ஒரு மொட்டு வாய் திறந்திருந்தது. உள்ளே வெளிர்ப் பச்சை தெரிந்தது, அவ்வளவுதான். வழக்கப்படி அது மறுநாளோ அதற்கு மறுநாளோ பூக்க வேண்டும். மறுநாள் மத்தியானம் அவருக்கு ரயில். மற்ற எட்டுச் செடிகளும் அசையவில்லை.

பிற்பகலில் தியாவ் என் மேசைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"குளிர் அறையில ஒரு பச்சைத் தொட்டி இருக்கு. மொட்டு முழுசா தயார். இப்ப வெளிய எடுத்து வெதுவெதுப்பா வச்சா விடியறப்ப விரிஞ்சிடும். காலையில அஞ்சு மணிக்கு நான் வந்து வச்சிடறேன். இந்தத் தடவ சேறும் நானே தெளிக்கறேன், எலைக்கு அடியில கூட. அந்தம்மா கண்ணாடி போட்டுப் பாத்தாலும் தெரியாது."

"தொட்டி விளிம்பு?"

"தொட்டியே வேணாம். வேரோட எடுத்து மண்ணுல நட்டுடறேன். ரெண்டு நாள்ல செடி வாடிடும். ஆனா அவங்க அதுக்குள்ள ஊர் போய்ச் சேந்துடுவாங்க."

பக்கத்து அறையில் டிக்கெட் கிழிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தியாவ் நல்லவர். என் தம்பிக்காகத்தான் ஒரு நல்ல செடியைக் கொல்லத் தயாராக இருந்தார். நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். டிக்கெட் கிழிக்கும் சத்தத்தை இருபது வரை எண்ணினேன்.

"வேணாம் அண்ணா."

"பூக்கலன்னா?"

"பூக்கலன்னு எழுதறேன்."

"உன் தம்பி என்னைக்குமே உன்ன மன்னிக்க மாட்டான்."

"தெரியும்," என்றேன்.

இருபத்து மூன்றாம் தேதி காலை யிஃபானும் ஹுய்நிங்கும் எங்களோடு வந்தார்கள். பனி ஈரம் செருப்பில் ஒட்டியது. நான் வேண்டுமென்றே ஒன்றாம் பாத்தியிலிருந்து வரிசையாகக் குறித்துக்கொண்டு போனேன். லுவான் அம்மாள் அவசரப்படுத்தவில்லை. ஐம்பத்தேழைத் தாண்டி மூலையில் திரும்பினோம்.

ஒரு பூ பூத்திருந்தது. ஒரே ஒரு பூ, ஓரத்துச் செடியில், சுவரைப் பார்த்தபடி. மேலும் கீழும் இதழ்கள் நெருக்கமாக அடுக்கி, வெளிர்ப் பச்சையாக, உள்ளே போகப் போக வெள்ளையாக.

லுவான் அம்மாள் முதலில் இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பழைய சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. தண்டின் பக்கத்தில் மண்ணுக்குள் இரண்டு விரலை விட்டார். கணுவரை விட்டார், சுற்றிலும் தடவினார். பிறகு எழுந்து நின்று பூவைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஹுய்நிங் பக்கத்தில் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முட்டைக்கோஸ்," என்றார். "அப்படியே முட்டைக்கோஸ். முப்பது வருஷம் முட்டைக்கோஸ் நாத்து நட்டேன். முப்பது மணி நேரம் ரயில்ல உக்காந்து வந்து, ஆறு நாள் காத்துக் கெடந்து, இங்கயும் முட்டைக்கோஸையா பாக்கணும் நான்?"

"விலை உயர்ந்த ரகம் அத்தை," என்றான் யிஃபான், என்ன சொல்வது என்று தெரியாமல்.

"எனக்கு வேணாம்பா. ஒனக்குத்தான் பிடிக்காதே, நீயே வச்சுக்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்தார். ஒரு வாரத்தில் மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. என் முதுகில் வைத்து எழுதினார். பென்சில் அசைவது சட்டை வழியாக எனக்குத் தெரிந்தது. திருப்பிப் பார்த்தபோது வட்டத்துக்குள் ஒரு சரிக்குறி இருந்தது. கீழே கடைசி வரியில், 'பதினேழாம் தேதி' என்று நான் எழுதியிருந்ததை அடித்து 'இருபத்து மூன்று' என்று திருத்தியிருந்தார்.

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியவர், பாதி வழியில் நின்றார். "உங்கப்பாகிட்ட போன் போட்டுச் சொல்லு," என்றார் என்னிடம். "இனிமே சம்பந்திம்மான்னு கூப்பிடலாம். ஸ்டேஷனுக்கு வர்றப்ப சிகரெட் பிடிச்சுட்டே வரச் சொல்லு, இல்லன்னா வழியெல்லாம் எதையாவது தட்டிக்கிட்டே வருவாரு."

யிஃபான் அங்கேயே ஒரு பாத்தியின் விளிம்புக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். ஹுய்நிங் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது தோட்டத்தில் உட்காரக் கூடாத இடம். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு மணிக்கு வாசல் திறப்பதற்குள் பலகையை எழுதி முடிக்க வேண்டியிருந்தது. ஐம்பத்தெட்டுக்கு எதிரே, 'பச்சை ரகம், பூத்தது ஒன்று, மற்றவை எப்போது என்று தெரியவில்லை' என்று எழுதினேன். முதலில் உள்ளே வந்த குழுவில் ஒரு பெண் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

அவள் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பதினான்காம் பாத்திப் பக்கம் போனாள்.